சிறுவாணி குடிக்காத கார்

குண்டடம் போய்ச் சேருவதற்கு முன்னால் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் வரும். அந்தப் பாலத்தின் கட்டைச் சுவரில், அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் மனைவி சரஸ்வதி உட்கார்ந்திருக்கிறாள். தலையில் நாலு முழம் மல்லிகை. மடியில் துண்டு போட்டு மூடிய எவர்சில்வர் தட்டு. தட்டில் தம்பிக்கு எடுத்த வேட்டி துண்டும், தேங்காயும் பழமும்.

அவளுக்குப் பத்தடி தள்ளி எங்கள் கார், பானட்டைத் திறந்தபடி நிற்கிறது. உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஆவி வருகிறது. வைகாசி வெயில். கிலுவை வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த சோளக்காடு. மணி நாலேகால்.

நான் வெந்துபோன வலது கையை ஊதிக்கொண்டே, "பத்தே நிமிசம் சரசு, ஆறிரும்" என்கிறேன்.

தொண்ணூறுகளில் ஏதோ ஒரு வருஷம். எந்த வருஷம் என்று சரசுவிடம் கேட்டால் சொல்லுவாள், கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. வருஷம் மறந்துபோனாலும் அந்தப் பத்து நிமிடம் மறக்கவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம் கார் வாங்கிய பெருமையை இரண்டு பக்கத்துக்கு அளந்திருந்தேன். படித்துவிட்டு ஈரோட்டு வாசகர் ஒருவர், "அந்தக் காரில் முதன்முதலில் எங்கே போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். முதலில் போனது மருதமலைக்கு. சாமி கும்பிட்டோம், இறங்கி வந்தோம், அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது இந்தப் பயணத்தைத்தான். இத்தனை வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்து தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பம்ப்காரன் வியாதி

அப்போது நான் சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு லேத் ஓடிய காலம் அது. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கப் போனால் சர்க்கரைக்குப் பதிலாக ஸ்பேனர் கேட்போம்.

பம்ப் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது கெட்டுப்போனாலும் பம்ப்தான் கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றும். டீக்கடையில் யாராவது நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னால், "இம்பெல்லர் தேஞ்சிருக்குமுங்க" என்று, பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைச் சொல்வான் ஒருவன். எல்லோரும் சிரிப்போம். சிரித்தாலும் உள்ளுக்குள் அதை நம்பினோம் என்றே நினைக்கிறேன்.

கார் பழையது. எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். வெளிர்நீல நிறம், மழை பெய்தால் இடது பக்கக் கண்ணாடி இறங்காது, மற்றபடி குறையில்லை. கோடை பிறந்ததும் அதற்குச் சூடு ஏறத் தொடங்கியது. டவுனுக்குள் சமர்த்தாக ஓடும். சூலூர் தாண்டி, ரோடு நீண்டு, கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், டேஷ்போர்டில் இருக்கிற முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டைப் பார்த்து நகரும்.

நான் யோசிக்கவே இல்லை. வாட்டர் பம்ப் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்துப் படுத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தேன். இம்பெல்லரின் ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கம்பெனி லேத்தில் நானே புதிதாக ஒன்று கடைந்தேன். கன்மெட்டல் என்கிற வெண்கலம். பார்ப்பதற்குக் கோயில் மணி மாதிரி பளபளப்பு. நாலு பேரிடம் காட்டிய பிறகே பொருத்தினேன்.

கையோடு கையாக இன்னொரு காரியமும் செய்தேன். என்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்க உள்ளே ஒரு வால்வு இருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டேன். அந்த நாளில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்ததுதான். அதற்குப் பிறகு டவுனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் முள் வழக்கமாக நிற்கிற இடத்துக்குக்கூட எழவில்லை. நோய் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அது தெரியாமல் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

கூறைச்சேலையின் இன்னொரு தலைப்பு

சரசு பிறந்த வீடு தாராபுரத்துக்குப் பக்கம். வாய்க்கால் பாசனம், கரும்பு, நெல்லு, வாசலில் டிராக்டர். எனக்கு அங்கே மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது, "மாப்ள கம்பெனி வேலைக்குப் போறாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்புக்காகவே கார் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

அந்த வைகாசியில் சரசுவின் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம் குறித்தார்கள். காரில் போய் மண்டப வாசலில் இறங்குவது என்று நானும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கு உரியது. புதுப்பெண் கட்டப்போகிற கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும், இன்னொரு தலைப்பை அவளும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் வாழ்த்துவார். நாளைக்கு இந்த வீட்டுக்கு ஒருத்தி வந்தாலும், இங்கே பிறந்தவளுடைய இடம் அப்படியேதான் இருக்கும் என்று சபையறியச் சொல்வது அது. குமரேசன் கல்யாணத்தில் முந்தின நாள் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுக்குள் இணைச்சீருக்கு நேரம் குறித்திருந்தார்கள்.

குமரேசனுக்கு சரசு ஒரே அக்கா. ஏழு வயது மூத்தவள். இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள். பெண் பார்த்து முடித்த நாளிலிருந்தே அவளுக்கு இணைச்சீர்ப் பேச்சுதான். அந்த அரக்குப் பட்டு அதற்கென்றே எடுத்தது. கண்ணாடி முன்னால் தலைப்பைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். வெட்கப்பட்டு மடித்து வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் குமரேசனே வந்தான்.

"மாமா, அக்காவ இன்னைக்கே கூட்டீட்டுப் போறனுங்க. அப்பா சொல்லி உட்டாருங்க. பொம்பளையாள் ஒருத்தரும் ஊட்ல இல்லாம ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

சரசு அதற்குள் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

"நீ போ மாப்ள. உங்கக்காவ நான் கார்ல கொண்டாந்து எறக்கறேன். பஸ்ஸுல நசுங்கிப் போய் எறங்கோணுமா?"

குமரேசன் அக்காவைப் பார்த்தான். அவள், "நீ கெளம்பு கண்ணு. மாமாவோட வாரேன்" என்றாள். அவனைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து சேலையை மறுபடியும் பீரோவில் வைத்தாள்.

ஹீட்டர் கம்பி

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் இரண்டு தண்ணீர். ஒன்று சிறுவாணி. அது குழாயில் எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி பார்த்திருந்து பிடிப்போம். குடத்தில் பிடித்து, துணி கட்டி, அடுக்கி வைப்போம். விருந்தாளிக்கு டம்ளரை நீட்டும்போது, "சிறுவாணிங்க" என்று சொல்லித்தான் நீட்டுவோம். வெளியூர் போனால் கேனில் கொண்டுபோகிற ஆட்களும் உண்டு. நானும் அந்த ஆள்தான்.

இன்னொன்று போர் தண்ணீர். உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் போட்டுவிடும். அதைக் கல் வைத்துத் தேய்த்தாலும் போகாது.

காருக்கு நான் ஊற்றியது போர் தண்ணீர். எல்லோரும் அதைத்தான் ஊற்றினார்கள். குடிக்கவே எண்ணி எண்ணிச் செலவழிக்கிற தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவனைத் தெருவில் பைத்தியக்காரன் என்பார்கள்.

சூடு ஏறத் தொடங்கிய புதிதில் ஒருநாள் காலை, சரசு குளியலறையிலிருந்து வெந்நீர் போடுகிற ஹீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கம்பி முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக ஏறியிருந்தது.

"ஏனுங்க, இதப் பாருங்க. ஆறு மாசந்தான் ஆச்சு. தெனமும் சித்தெ நேரம் சுடற தண்ணியே கம்பிய இப்படிப் பண்ணிப்போட்டுதுன்னா, காருக்குள்ளாற நாள் பூராச் சுடுதே, அங்கெ என்ன பண்ணியிருக்குமுங்க?"

நான் பம்ப்பைக் கையில் வைத்திருந்தேன். ஏற்கெனவே ஒரு போல்ட் உடைந்து எரிச்சலில் இருந்தேன்.

"குடிக்கறதுக்கே பத்தலை, காருக்குச் சிறுவாணி ஊத்தச் சொல்றயா? சமையலப் பாரு போ. என்ஜினப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அவள் கம்பியைப் பார்த்தாள். உள்ளே போய் புளி போட்டு ஊறவைத்துத் தேய்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வழியிருந்தால், இந்தத் தொடரில் இதுவரை எழுதிய எல்லா வாரத்தையும் அதற்குக் கொடுத்துவிடுவேன்.

கை சொன்னது

குமரேசன் வந்துபோன மறுநாள் சாயங்காலம், வண்டியைச் சூலூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாசலில் நிறுத்தினேன். போகும்போது முள் லேசாக எழுந்தது. புது இம்பெல்லர் பழகட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் மொபெட்டில் செல்வராஜ் வந்தார்.

செல்வராஜ் எங்கள் ஊர்க்காரர். என் வயது. சிங்காநல்லூர் மெயின் ரோட்டில் ரேடியேட்டர் பார்க்கிற கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா எங்கள் காட்டில் வேலைக்கு இருந்தவர். அவர் என் அப்பாவைச் 'சாமி' என்று கூப்பிடுவார், தோளில் இருக்கிற துண்டை இடுப்புக்கு இறக்குவார். செல்வராஜ் என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார். அதில் எந்தத் தவறும் இல்லை, அப்படித்தான் கூப்பிட வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் என் காது அதைக் கவனித்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"என்னங்கண்ணா, வண்டி சூடாகுதுங்களா?" என்று இறங்கினார். என்ஜினை நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக நகர்த்தினார்.

"இங்க கை வைங்கண்ணா. ஓரம் சுடுதுங்களா? இப்ப நடுவுல வைங்க."

வைத்தேன். ஓரத்தில் வைக்க முடியாத சூடு. நடுவில், மேலிருந்து கீழே வரை, கையகலத்துக்கு மேலேயே குளிர்ந்து கிடந்தது. குழாய்க்குள் தண்ணீர் போகவில்லை. வெந்நீர் ஓடாத இடம் எப்படிச் சுடும்?

"அடைச்சிருக்குதுங்கண்ணா. கழட்டிக் குடுங்க. மேல் டேங்க்கைப் பிரிச்சு, குழாய் குழாயாக் கம்பி உட்டு எடுத்து, திருப்பி ஈயம் பத்த வெச்சுத் தாரேன். ஒருநாள் வேலைதானுங்க. கல்யாணத்துக்கு முந்தி குடுத்தர்றேன்."

என் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷம் இரும்பைத் தொட்டுச் சாப்பிட்ட கை, அதற்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் நான் கடைந்த இம்பெல்லரைக் கம்பெனியே பார்த்திருந்தது. இப்போது போய், கோளாறு அது இல்லை, செல்வராஜ் சொன்னதுதான் என்று எப்படிச் சொல்வது? அதிலும் செல்வராஜ் சொல்லி.

"அதெல்லாம் நான் பாத்துட்டேன் செல்வா. பம்ப்புதான். மாத்தியாச்சு. நீ உன் கடையப் பாரு."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "செரிங்கண்ணா" என்றார். சரசு அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது மொபெட் போய்விட்டது. சரசு திறந்த பானட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டம்ளர் எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பஸ்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். நாலு மணிக்குத் தாராபுரம் என்பது என் திட்டம். பின்சீட்டில் இரண்டு கேன். ஒன்றில் காருக்குப் போர் தண்ணீர். இன்னொன்றில் எனக்குச் சிறுவாணி. மாமனார் வீட்டுத் தண்ணீர் எனக்குச் சேராதாம்.

பல்லடம் தாண்டியதும் முள் எழுந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சரசுவும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஏழெட்டு மைலில் பானட் ஓரத்தில் ஆவி வந்தது. நிறுத்தி, ஆறவைத்து, போர் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். முக்கால் மணி நேரம் போனது. மறுபடியும் கிளம்பி, மெதுவாக ஓட்டி, அந்தப் பாலத்தில் வந்து நின்றோம்.

அவசரத்தில் மூடியைச் சீக்கிரம் திறந்துவிட்டேன். கொதிக்கிற தண்ணீர் மணிக்கட்டுக்கு மேல் அடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சரசு ஓடிவந்து, சிறுவாணிக் கேனைத் திறந்து என் கையில் ஊற்றினாள். மிச்சமிருந்ததை நான் ரேடியேட்டரில் ஊற்றினேன். அந்தக் கார் முதன்முதலாகச் சிறுவாணி குடித்தது அன்றைக்குத்தான்.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. தாராபுரம் பஸ். எங்கள் சிங்காநல்லூரிலிருந்தே வருகிற பஸ். அந்த ரோட்டில் கை காட்டினால் எங்கேயும் நிறுத்துவார்கள்.

சரசு எழுந்தாள். "ஏனுங்க, நான் இதுல முன்னாடி போயிர்றேனுங்க. நீங்க வண்டி ஆறுனதும் மெதுவா வாங்க. நேரம் ஆயிப்போச்சுங்க."

"பத்தே நிமிசம் சரசு, ஆறிரும்."

தனியாகப் பஸ்ஸில் போய் இறங்கினால், "மாப்ள எங்கங்க?" என்று கேட்பார்கள். "கார் நின்னுபோச்சு" என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும். என் மனதில் ஓடியது அதுதான், வேறொன்றும் இல்லை. அவளுடைய இணைச்சீர் என் மனதில் அந்த நேரம் இல்லவே இல்லை.

அவள் கையைத் தூக்கவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் பட்டுச்சேலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது நிமிடம் கழித்து இன்னொரு பஸ் வந்தது. அதில் போயிருந்தாலும் ஆறுக்குள் சேர்ந்திருக்கலாம். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. சுவரில் உட்கார்ந்தபடி, தட்டை மூடியிருந்த துண்டைச் சரி செய்தாள். நானும் பஸ்ஸைப் பார்க்காமல் என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடிக்கு உள்ளே

குண்டடத்துக்குள் நுழையும்போது ஐந்தரை ஆகப் போனது. கார் மறுபடியும் கொதித்தது. டீக்கடைக்குப் பக்கத்தில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் இருந்தது. சரசு என்னிடம் ஒன்றும் கேட்காமல் இறங்கி, பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மண்டபத்து நம்பரைப் போட்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு சரியாக மூடாது, எல்லாம் கேட்டது.

"அப்பா, நான் சரசு... இல்லீங்கப்பா, குண்டடத்துல இருக்கறோம்... அவருக்கு ஒண்ணுமில்லீங்கப்பா, வண்டிதான்..."

அந்தப் பக்கம் மாமனார் நெடுநேரம் பேசினார். பின்னால் மேளம் கேட்டிருக்க வேண்டும், அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"வேண்டாமுங்கப்பா. நேரத்தத் தாண்டி நிறுத்த வேண்டாம். அவனுக்கு நல்லபடியா நடக்கோணும்." கையிலிருந்த பத்திரிகையை நாலாக மடித்தாள். "எனக்குப் பதலாத் தேவிய நிறுத்திப்போடுங்கப்பா."

தேவி அவளுடைய பெரியப்பா மகள்.

பூத்காரரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். "சித்தெ தண்ணி வாங்கி மொகம் கழுவுங்க. கை நெம்ப எரியுதுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். கார் மண்டப வாசலில்தான் நின்றது, நான் குறித்தபடியே. ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. குமரேசன் மாலையோடு ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஏக்கா" என்றான். அவள் அவன் நெற்றியில் கலைந்திருந்த சந்தனத்தைச் சரி செய்தாள். நான் காரைப் பூட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. "மாப்ள கைக்கு எண்ணெ போடுங்க" என்று மாமனார் ஆள் அனுப்பினார். இரண்டு அறை விட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

சுண்ணாம்பு

கல்யாணம் முடிந்து, விடிகாலைக் குளிரில் நாலு கேன் தண்ணீரோடு ஊர்ந்து ஊர்ந்து திரும்பினோம். ரேடியேட்டரைக் கழற்றிச் செல்வராஜ் கடைக்குக் கம்பெனிப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போக முகமில்லை.

வாங்குவதற்கு நான்தான் போக வேண்டியிருந்தது. பிரித்தபோது வந்ததை ஒரு தகரத்தில் போட்டு வைத்திருந்தார். வெள்ளை வெள்ளையாக, ஓடு ஓடாக, இரண்டு கை கொள்ளும். சரசு காட்டிய ஹீட்டர் கம்பியில் இருந்த அதே சுண்ணாம்பு.

செல்வராஜ் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "நல்ல தண்ணியா ஊத்துங்கண்ணா" என்றார். பிறகு, "கல்யாணம் நல்லா முடிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"நல்லா முடிஞ்சுது" என்றேன்.

இப்போது சரவணம்பட்டிப் பக்கம் அவருக்குப் பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இரண்டு மூன்று கல்யாணங்களில் பார்த்தேன். மகன் படிப்பைப் பற்றிச் சொன்னார், கேட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றுவரை சொல்லவில்லை. அன்று வாய்க்கு வாய் 'நீ' என்றவன், இன்று இந்தப் பக்கத்தில் 'அவர்' என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் சொன்ன திருத்தம்

இந்தத் தொடரைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் சரசுதான் படிப்பாள். பிழை திருத்துவாள், நான் அதிகமாக அளந்தால் பென்சிலால் கோடு போடுவாள். இந்த வாரத்துப் பக்கங்களை மேஜையில் வைத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். ரேடியேட்டரைத் தொட்டபோதே எனக்குத் தெரியும் என்பதை இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் கோளாறு தெரிந்தது என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தாள்.

"தொட்டுப் பாத்தப்பவே தெரியும்னு எழுதியிருக்கறீங்க."

"ஆமா."

"எனக்கும் தெரியுமுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்க கை கழுவப் போனப்ப நானும் தொட்டுப் பாத்தேன். செல்வராஜண்ணன் கை வெச்ச எடத்துலயே வெச்சேன். நடுவுல சில்லுனு கெடந்துது."

"தெரிஞ்சுமா கார்ல வந்து உக்காந்தே? ஏன் சரசு சொல்லலை?"

"ஹீட்டர் கம்பிய எடுத்துட்டு வந்து ஒருக்கா சொன்னனுங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

கீழே யார் வீட்டிலோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் பக்கங்களை என்னிடம் நீட்டினாள். கோடு எதுவும் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு உட்டுப்போட்டீங்க. தேவியப் பத்தி ஒண்ணுமே எழுதலை. அன்னைக்கு அவளையும் திடுதிப்புனு கூப்புட்டு நிறுத்துனது. பாவம், எஞ் சேலை மாதிரிகூட இல்ல, சாதாரணச் சேலைல நின்னா. நல்லாத்தான் பண்ணுனாளாம். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். தேவி நன்றாகத்தான் செய்தாள். அங்கே நின்றிருக்க வேண்டியவள் சரசு.